அலுவிகாரைக்குப் போய்வந்த குரூஸ் கன்ட்ரோல்

1

“…அதுக்கு ஏன்பா இவ்வளவு கவலைப்படுறீங்க, அது பழுதானதே ஒரு வகையில நல்லதுதான். அந்த முழங்கால வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வரத் தேவையில்ல. இனி சனிக்கிழமையில வீடியோவில பாத்துக்குவோம்,” என்றாள் என் மகள் ஆரணி. சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கூட்டம் இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பழுதானது என் காரின் குரூஸ் கன்ட்ரோல். ஊரில் இருக்கிற உங்களுக்கு அதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பொத்தானை அமுக்கினால், அந்த நேரத்தில் கார் என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெடலிலிருந்து காலை எடுத்துவிடலாம். பிரேக்கைத் தொட்டால் பிடியை விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. டாஷ்போர்டுக்குப் பின்னால், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி இருந்துகொண்டு இதைச் செய்யும்.

நம் இலங்கையில் மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகிறவருக்கு இப்படி ஒரு சாமானே தேவையில்லை. ஒரு வளைவு, ஒரு பஸ், ஒரு த்ரீவீலர், ஒரு மாடு, மறுபடி ஒரு வளைவு. ஒரே வேகத்தில் ஒரு நிமிடம் போய்விட்டால் அது அன்றைய அதிசயம். நான் இருக்கிற அடிலெய்டிலிருந்து வடக்கே போகிற பாதை அப்படியில்லை. இரண்டு பக்கமும் கோதுமை வயல். நடுவில் கோடு கிழித்த மாதிரி தார் ரோடு. ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலையே அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான் வரும். அந்த ரோட்டில் முந்நூறு கிலோமீற்றர் போனால் ஆரணியின் ஊர்.

அவள் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். “ரெண்டு வருஷம்தான்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனவள், நான்காவது வருஷம் வீடு வாங்கிவிட்டாள். முதலில் மாதம் ஒரு தடவை எங்களைப் பார்க்க வந்தாள். பிறகு பள்ளி விடுமுறைக்கு வந்தாள். பிறகு டிசம்பரில் நத்தாருக்கு மட்டும். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றாலாவது போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம். இது துணி வெளுப்பது மாதிரி. எந்த நாளில் வெளுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

“அவ வரலன்னா நாம போவோம்ங்க,” என்றாள் என் மனைவி ராணி. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் போனோம். போனதும் முதல் ஒரு மணித்தியாலம் ஆரணி இங்கிலிஷ்தான் பேசுவாள். சாப்பிட்டு, கை கழுவி, ராணி பாத்திரம் தேய்க்க நிற்கும்போது, பக்கத்தில் துவாயோடு வந்து நின்று தமிழுக்கு மாறுவாள். பள்ளிக்கூடத்துச் சண்டை, அயல்வீட்டு நாய், தூக்கம் வராத இரவுகள் எல்லாம் அந்தப் பாத்திரம் துடைக்கிற நேரத்தில்தான் வெளியே வரும். வீடியோவில் பாத்திரம் துடைக்க முடியாது. எனக்குத் தெரிந்து அதற்கு இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.

2

இடையில் என் வலது முழங்கால் கெட்டது. நான் பராமரிப்பு வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில், கூரைப் பீலியில் அடைத்த சருகை எடுக்க ஏறி, ஏணியோடு விழுந்தேன். “உங்க முழங்கால் உங்கமேல கோவமா இருக்கு, கொஞ்ச நாளைக்கு அதோட வாக்குவாதம் வேண்டாம்” என்றார் வைத்தியர். மனிதர்கள் சொல்லுகிற இப்படியான பேச்சை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். அதையும் எழுதி வைத்தேன். கார் ஓட்டலாம், ஆனால் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்றார். குரூஸ் கன்ட்ரோல் இருந்தபடியால் பிரச்சினை இல்லை. நகரத்தைத் தாண்டியதும் பொத்தானை அமுக்குவேன், டாஷ்போர்டில் பச்சை விளக்கு வரும், காலை நீட்டிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பச்சை விளக்கு வரவில்லை. பத்துத் தடவை அமுக்கினேன். நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மறுபடி போட்டு அமுக்கினேன். வரவில்லை. சரி, காலாலேயே ஓட்டுவோம் என்று பிடிவாதமாகப் போனேன். ஒன்றேகால் மணித்தியாலத்தில் முழங்கால் பனிஸ் மாதிரி வீங்கிவிட்டது. ராணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாதி வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஐஸ் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, திரும்பி வந்தோம். கறிச் சாமான் எல்லாம் பின் சீற்றிலேயே புளித்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கராஜ். வைத்திருப்பவர் கிரேக்க நாட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். கம்பியூட்டரைச் செருகிப் பார்த்தார். பெட்டிதான் பழுது என்று அது சொன்னது. “இந்தக் காருக்கும் எனக்கும் ஒரே வியாதி. இரண்டு பேருக்கும் உதிரிப்பாகம் வருவதை நிறுத்திவிட்டார்கள்” என்றார். கொப்பியில் எழுதினேன்.

பிறகு இந்தக் காரை இறக்குமதி செய்கிற அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு, மறுபடி ஒன்றை அமுக்கு. கடைசியில் ஒரு பெண் பிள்ளை வந்து காரின் செசி நம்பர் கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் இந்த நாட்டில் இருக்கிறேன். இன்றைக்கும் நான் சொல்கிற இங்கிலிஷ் எழுத்து அந்தப் பக்கம் வேறு எழுத்தாகத்தான் போய்ச் சேர்கிறது. மூன்று தடவை சொன்னேன். “அப்படி ஒரு கார் எங்கள் பதிவில் இல்லையே ஐயா” என்றாள். அது என் வீட்டு வாசலில் நிற்கிறது தாயே என்று சொல்ல நினைத்தேன், எனக்கு வந்த இங்கிலிஷில் அது கோபமாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். மின்னஞ்சலில் படிவம் அனுப்பினார்கள். நிரப்பினேன். கையிருப்பில் இல்லை, இனி வராது என்று ஒரு வரி பதில் வந்தது. பழைய கார்களை உடைக்கிற இரண்டு இடத்துக்குப் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

பஸ் இருக்கிறது. போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. திங்கட்கிழமை வேலை என்கிற ஆரணிக்கு நாங்கள் இரண்டு நாள் தங்குவது பாரம். புதுக் கார் வாங்குகிற நிலைமை எங்களுக்கு இல்லை. நான்கு மாதம் போகவில்லை. முதலில் சனிக்கிழமை வீடியோ ஒரு மணித்தியாலம் ஓடியது. பிறகு இருபது நிமிடம். ஒரு சனிக்கிழமை நாங்கள் குளித்து, உடுத்தி, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவளிடமிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான் அந்தக் கிழமைக்கு.

“பெட்டிய நான் செய்விக்கிறேன்,” என்றேன் ராணியிடம். “எங்க கொண்டுபோயாவது செய்விக்கிறேன்.”

3

மாமியாரின் முதல் வருஷத் திதிக்கு நாவுல போக வேண்டியிருந்தது. போகிற அன்று காலை டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, பெட்டியைக் கழற்றி, பழைய சாரத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். நூலகத்தில் இருந்த கார் திருத்துகிற புத்தகத்திலிருந்து வயர் படத்தை நிழற்படப் பிரதி எடுத்து அதையும் வைத்தேன்.

அடிலெய்ட் விமான நிலையத்தில் கைப்பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். வயர் தொங்குகிற தகரப் பெட்டி என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. வைத்தியம் பார்க்கக் கொண்டுபோகிறேன் என்கிற அர்த்தத்தில் நான் சொன்ன இங்கிலிஷைக் கேட்டு, அந்தப் பாதுகாப்புக்காரர் நான் நோயாளி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். ராணி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். வயர் படம்தான் காப்பாற்றியது. கட்டுநாயக்கவில் இறங்கியதும் சுங்க அதிகாரி அதே பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அவுஸ்திரேலியாவிலிருந்து ரிப்பேருக்கு இங்கேயா?” என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். இரண்டு பேரும் எழுந்து நின்று என்னை அனுப்பி வைத்தார்கள். எனக்கு இன்றுவரை அது மரியாதையா கேலியா என்று தெரியாது.

திதி முடிந்த மறுநாள் ராணியின் தம்பி குமார் தன் வேனில் என்னை ஏற்றிக்கொண்டான். நாவுலவிலிருந்து மரக்கறி ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுபோகிறவன் அவன். “அத்தான், அலுவிகாரையில நஸ்லியா ராத்தா ஈக்குறாங்க. அவங்க கையில குடுத்தா செத்த ரேடியோவும் செய்தி வாசிக்கும்,” என்றான். ராத்தா என்றால் அக்கா, ஈக்கு என்றால் இருக்கு. முஸ்லிம் ஆட்களோடு பழகிப் பழகி அவனுக்கு அவர்கள் பேச்சும் வந்துவிட்டது.

அலுவிகாரை மாத்தளைக்குச் சற்று முன்னால்; அங்கே ரோட்டோரத்து வீடு. முன்னறையில் ஒரு மேசை, அதன்மேல் கழுத்து வளைகிற விளக்கு, பெரிய கண்ணாடி வில்லை, சோல்டரிங் அயன். சுவரோரம் ரைஸ் குக்கர்கள், த்ரீவீலர் மீற்றர்கள், ஒரு பஸ்ஸின் பெயர்ப் பலகை. நஸ்லியாவுக்கு நாற்பது வயது இருக்கும். கலியாணத்துக்கு முன்னால் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில், வாகனங்களுக்கு மின்சுற்றுப் பலகை செய்கிற ஃபெக்டரியில் ஆறு வருஷம் ஈயம் வைத்தவள். பெட்டியைக் கையில் வாங்கினாள். குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“அண்ணே, அங்க இதுக்கு ஆள் இல்லையா?”

“அங்க மாத்துறதுக்கு ஆள் ஈக்கு தங்கச்சி. திருத்துறதுக்கு இல்ல.” எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

“இது போனா ஒங்களுக்கு என்ன போகும்?”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கிரேக்கக்காரரும் கேட்கவில்லை, அலுவலகத்துப் பெண்ணும் கேட்கவில்லை. மகளைப் பற்றிச் சொன்னேன். பாத்திரம் துடைக்கிற கதையையும் சொன்னேன். நஸ்லியா நாலு ஆணியைக் கழற்றி மூடியைத் திறந்தாள்.

4

“இங்க பாருங்க.” வில்லையை என் பக்கம் திருப்பினாள். பச்சைப் பலகையில், ஒரு கறுப்புச் சாமானின் கால்களைச் சுற்றி மயிரிழையில் வளையம் வளையமாகக் கீறல் தெரிந்தது. “ஈயம் வெடிச்சா இப்படித்தான் ஈக்கும். இருவது வருஷம் சூடாகி, குளிர்ந்து, சூடாகி, குளிர்ந்து. பல் ஆடுற மாதிரி கால் ஆடுது.”

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள். புது ஈயம் வைத்தாள். அயனின் நுனி பட்டு எடுக்கிற நேரம் ஒரு கண் சிமிட்டல்தான். வீங்கியிருந்த ஒரு சின்ன உருளையையும் மாற்றினாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

“எங்க போறீங்க? இருங்க. பலகை அழகா ஈக்கின்டு அனுப்பினா, அது அங்க போய் ஊமையா ஈந்தா? நீங்க அங்கேருந்து வந்து என்ட கதவத் தட்டுவீங்களா? மேசையிலேயே ஓட்டிக் காட்டுறேன்.”

வயர் படத்தை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு பற்றரியை வைத்தாள். காரில் என்னென்ன இருக்கிறதோ அதெல்லாம் மேசையிலும் இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். பெற்றோல் திறக்கிற மோட்டாருக்குப் பதில் ஒரு பொம்மை மோட்டார். சக்கரம் சுற்றுவதைச் சொல்கிற வயருக்குப் பதில் அவளே செய்த ஒரு சின்னக் கருவி. ஒரு வயர் பிரேக் விளக்குக்குப் போனது.

“குமாரு, ஒன்ட வேன்ல ஒரு பிரேக் பல்ப கழட்டிட்டு வா.”

குமார் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள். மோட்டார் அசையவில்லை. மறுபடி. அசையவில்லை.

நஸ்லியா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு காலாகத் தொட்டு அளந்தாள். வைத்த ஈயத்தையே இரண்டாம் தடவை வைத்தாள். மதியம் தாண்டியது. குமாரின் வேனில் போஞ்சிக்காய் வாடிக்கொண்டிருந்தது. “ராத்தா, மார்க்கட் பூட்டிடுவாங்க,” என்று அவன் மெல்லச் சொன்னான்.

“போ. ரெண்டு பேரும் போங்க. பெட்டி இங்க ஈக்கட்டும்.”

“தங்கச்சி, முடியலன்னா…”

“முடியலன்டு நான் சொன்னேனா?” அவள் தலை நிமிரவில்லை. “இது என்னைய ஏமாத்தப் பாக்குது. எங்கட ஃபெக்டரியில என்னைய ஏமாத்தின பலகை ஒன்னும் வெளிய போனதில்ல. நாளைக்கு வாங்க.”

நாளை மறுநாள் எங்களுக்குப் பிளேன். அன்றைக்கு இரவு ராணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அந்தப் பொண்ணு நல்லாப் பாத்துச்சா, இல்ல ஒங்களுக்காகப் பாத்துச்சா?” நல்லாப் பார்த்தாள் என்றேன். “அப்ப தூங்குங்க,” என்றாள்.

5

மறுநாள் நாங்கள் உள்ளே காலை வைத்ததும் நஸ்லியா வணக்கம் ஸலாம் ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் சுற்றியது. கருவியில் வேகத்தைக் குறைத்தாள். மோட்டார் கூட்டிப் பிடித்தது. கூட்டினாள், விட்டுக்கொடுத்தது. பிரேக் வயரைத் தொட்டாள், டக்கென்று நின்றது.

நான் கைதட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பல்பைக் கழற்றி, நேற்று குமார் கொடுத்த பல்பை மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள். மோட்டார் செத்துக் கிடந்தது.

“இது எங்கட வீட்டுக்காரர்ட த்ரீவீலர் பல்ப். மனுசன் ஒத்தக் கண்ணோட ஹயர் போயிருக்காரு, என்னைய ஏசிக்கிட்டு. இது குமார்ட பல்ப். இதுல எரியுறது எல்ஈடி. பலகையில ஒரு குத்தமும் இல்ல, நேத்து மத்தியானமே அது சரி. இப்ப ஒன்னு கேக்குறேன். கார் பழுதான நாள விடுங்க. அதுக்கு முந்தின நாள், அந்தக் காருல கை வச்சது யாரு?”

“யாரும் இல்லையே,” என்றேன்.

அது பொய் இல்லை. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குமார் தலையைச் சொறிந்தான். “அத்தான்… போன தடவ வந்தப்ப டவுன்ல இந்த பல்ப நாம ரெண்டு பேரும் சேந்துதானே வாங்கினோம்? எனக்கு ஒரு சோடி. ஒங்களுக்கு ரெண்டு சோடி.”

உண்மை. மாத்தளை டவுனில் வாங்கியதுதான். அவுஸ்திரேலியாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம்: ஊருக்குப் போய்த் திரும்பும்போது சூட்கேசில் இடம் இருந்தால் நெஞ்சு பொறுக்காது. பிரஷர் குக்கர் ரப்பர் வளையம், தும்புத்தடித் துடைப்பம், கொறக்காப் புளி, குடைக் கம்பி. நான் கார் பல்ப் கொண்டுபோனேன். “இத மாட்டினா பின்னால வாறவன் கண்ணக் கூசிக்கிட்டு தூரமா வருவான்” என்று கடைக்காரர் சொன்னது எனக்குப் பிடித்துப் போயிற்று. கொண்டுபோய், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பழையதை எல்லாம் கழற்றி வீசிவிட்டு மாட்டினேன். ராணியைப் பின்னால் நிற்கவைத்து, பிரேக்கை மிதித்து மிதித்துக் காட்டினேன். மறுநாள் காலை பச்சை விளக்கு வரவில்லை. பிரேக் விளக்குக்கும் வேகம் பிடிக்கிற பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்ததே.

“என்ட வேன்லயும் நல்லாத்தானே எரியுது ராத்தா,” என்றான் குமார், எனக்காகப் பரிந்து.

“ஒன்ட வேன்ல இந்தப் பெட்டி ஈக்கா? ஹோர்னே ஒழுங்கா இல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, இது ரொம்பப் பயந்த சாமான். வண்டிய கையில எடுக்க முந்தி, பிரேக் வயர்ல ஒரு சொட்டு கரண்ட விட்டுப் பாக்கும். பழைய பல்ப்ல இழை ஈக்கி. அந்த ஒரு சொட்டு அதுக்குள்ளால போயிரும். ‘சரி, வயர் அறுபடல்ல, மனுசன் பிரேக் மிதிச்சா எனக்குத் தெரிய வரும்’ன்டு பெட்டி நம்பும். எல்ஈடி அந்த ஒரு சொட்ட உள்ள எடுக்காது. பெட்டி என்ன நினைக்கும்? வயர் அறுந்துட்டு. இவன் பிரேக் மிதிச்சாலும் எனக்குத் தெரியாது. நான் இந்த வண்டியப் புடிக்க மாட்டேன்.”

“அப்ப அது பழுதாகவே இல்லையா?”

“வெடிப்பு மெய்தான். இன்னம் கொஞ்ச காலத்துல அதாலயே போயிருக்கும். ஆனா அன்டைக்கு அத நிப்பாட்டினது நீங்க.”

நான்கு மாதம். கராஜ், படிவம், உடைக்கிற இடம், பெருவிரல் படம். எல்லாம் என் இரண்டு கையால் வந்தது. குமார் வெளியே போய் வேனில் சாய்ந்துகொண்டு சிரித்துத் தீர்த்தான். நஸ்லியா மூடியைப் பூட்டி, நாலு ஆணியையும் முறுக்கி, பெட்டியை அதே சாரத்தில் சுற்றித் தந்தாள். பிறகு நேற்றிலிருந்து மேசையில் இருந்த அவள் தேநீரை, ஆறிப்போனதை, ஒரே மூச்சில் குடித்தாள்.

6

அடிலெய்டுக்கு வந்த களைப்பு தீருமுன்னே பெட்டியை மாட்டினேன். பெற்றோல் நிலையத்தில் பழைய மாதிரி இழை பல்ப் வாங்கி, எல்ஈடி அத்தனையும் கழற்றினேன். மறுநாள் விடிந்ததும் நகரத்துக்கு வெளியே போய்ப் பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு வந்தது. காலை எடுத்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த சனிக்கிழமை ராணியையும் கறிச் சாமானையும் ஏற்றிக்கொண்டு, மகளுக்குச் சொல்லாமல் கிளம்பினேன்.

சொல்லாமல் போனது பிழை. ஆரணி கதவைத் திறந்தாள், எங்களைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். நான் நடந்ததை எல்லாம், பல்ப் கதையையும் மறைக்காமல், பெருமையாகச் சொல்லி முடித்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“யாரோ ஒருத்தங்க வீட்டு மேசையில பத்தவச்ச சாமான நம்பி, அம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு, நூத்திப் பத்துல வந்தீங்களா? அது விடாமப் புடிச்சுக்கிட்டா என்னப்பா செய்வீங்க? ஒங்க கால் பிரேக்குக்குப் போய்ச் சேருமா? நீங்க வர்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சேர்ற வரைக்கும் நான் போனையே பாத்துக்கிட்டு இருப்பேன், தெரியுமா? இதுதான் கடைசி. கார இங்கேயே விட்டுட்டு பஸ்ல போங்க.”

முழுவதையும் தமிழில் சொன்னாள். பாத்திரம் துடைக்காமலே.

வரவேண்டாம் என்று அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கினாலும், விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அங்கே காலை ஏழரை இருக்கும் என்று பார்த்து நஸ்லியாவுக்கு எடுத்தேன். “தங்கச்சி, மகள் ஒங்களோட சண்டை பிடிக்கணுமாம்,” என்று சொல்லி போனை ஆரணியிடம் நீட்டினேன்.

அந்தப் பக்கம் மிக்ஸி அரைக்கிற சத்தம் நின்றது.

“மகள், சொல்லுங்க.”

“ஆன்ட்டி, கோவிக்க வேணாம். இத எத்தன தரம் டெஸ்ட் பண்ணினீங்க?”

“மேசையில எண்ணல்ல. ரோட்டுல ஒருக்காவும் இல்ல. நான் கார் ஓட்டினதே இல்ல மகள்.”

ஆரணி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

“அப்ப எப்படி நம்புறது?”

“நம்ப வேணாம். நான் சொல்றன்டு ஏன் நம்புறீங்க, ஒங்க வாப்பா சொல்றாருன்டு ஏன் நம்புறீங்க? சாவிய எடுங்க. நேர் ரோட்டுக்குப் போங்க. புடிக்கச் சொல்லிட்டு பிரேக்கத் தொடுங்க. விடுதான்டு பாருங்க. மேட்டுல, எறக்கத்துல, மெல்லத் தொட்டு, பலமா மிதிச்சு. ஒருக்கா விடல்லன்டாலும் அந்தப் பெட்டியக் கழட்டி குப்பையில போட்டுட்டு எனக்கு ஏசுங்க. ஆனா எல்லாத்துலயும் விட்டுதுன்டா, மகள், பிறகு அந்த மனுசனத் தடுக்காதீங்க. பல்ப மட்டும் மாத்த விடாதீங்க.”

ஆரணி மேசையில் கிடந்த கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பேனாவை எடுத்தாள். என் கையிலிருந்து சாவியை வாங்கினாள். “யாரும் வர வேணாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினாள்.

ராணி வாசலிலேயே நின்றாள். நான் குசினியில் போய்ச் சோறு போட்டேன், பிறகு சாப்பிடாமல் மூடி வைத்தேன். நாற்பது நிமிடம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. “ஊருக்குள்ளயும் போயிருப்பா,” என்றாள் ராணி, என்னைப் பார்க்காமல்.

ஒன்றேகால் மணித்தியாலத்துக்குப் பிறகு கார் வந்து நின்றது. ஆரணி இறங்கித் தாளை என்னிடம் தந்தாள். மேடு, இறக்கம், நேர், மெல்ல, பலமாக என்று இங்கிலிஷில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் சரி அடையாளம் போட்டிருந்தாள். எண்ணினேன், முப்பத்தாறு. ஒரு பிழை அடையாளமும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அவள் கேட்க நிற்கவில்லை. திரும்பவும் காருக்குள் குனிந்து, கடைப் பை ஒன்றிலிருந்து ஒரு சின்ன மட்டைப் பெட்டியை எடுத்தாள். பத்து பிரேக் பல்ப், பழைய மாதிரி, இழை வைத்தது. ஒன்று மாட்டினால் மூன்று நாலு வருஷத்துக்கு வரும். அதை டாஷ்போர்டின் லாச்சிக்குள் வைத்து, அசையாமல் ஒரு துணியைச் சுற்றி, மூடியை அழுத்திப் பூட்டினாள்.